நெட்வொர்க் பாடமும் பனியன் கம்பெனியும்: கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு விளக்கம்

சனிக்கிழமை மாலை திருப்பூரில் சம்பள நேரம். பத்தாம் வகுப்போடு நின்று ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்த பையன் வாரச் சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். அவனோடு ஒன்றாகப் படித்த இன்னொரு பையன் கல்லூரிப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். அன்று இரவு நம் வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சுதான். "உன் கூடப் படிச்சவன் வாரா வாரம் அம்மா கையில காசு குடுக்குறான். நீ இன்னும் எத்தனை வருஷம்டா படிப்பே?" என்று அத்தா கேட்பார். பையனிடம் பதில் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு பாடத்தில் அரியரும் விழுந்திருந்தால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "படிச்சது போதும், திங்கட்கிழமையிலிருந்து கம்பெனிக்கு வந்துடு."

கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்த பிள்ளைகள் தடுக்கி விழும் பாடங்களில் ஒன்று 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்'. சில கல்லூரிகளில் இதற்கு 'டேட்டா கம்யூனிகேஷன்ஸ் அண்ட் நெட்வொர்க்ஸ்' என்று பெயர். தமிழில் தரவுத் தொடர்பும் கணினி வலையமைப்பும். ஏழு அடுக்குகளின் பெயரை வரிசையாக மனப்பாடம் செய்து, படம் வரைந்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பாடமாகவே பலர் இதைக் கடக்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் படிப்பில் திருப்பூரின் தொழிலோடு நேரடியாக ஒட்டி நிற்கும் பாடம் இதுதான். பனியன் கம்பெனியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது மற்றவர்களை விடச் சீக்கிரம் புரியும். அது எப்படி, இதைப் படித்து என்ன செய்ய முடியும், செலவுக்கு என்ன வழி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இது என்ன பாடம்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு ஐந்தாம் செமஸ்டரில் 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்' வருகிறது. திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்றவை கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அதுபோன்ற கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. படிப்பவர்களும் இந்தப் பாடத்தைச் சந்திக்கிறார்கள். செமஸ்டரும் பெயரும் மாறலாம், உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டம் கேபிள், சிக்னல் என்று கீழ் அடுக்கில் தொடங்கி மேலே ஏறியது. 2021 பாடத்திட்டம் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டது. நாம் தினமும் பார்க்கும் இணையதளம், இமெயில் ஆகியவற்றில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசி அலகில்தான் கேபிளுக்கு வருகிறது. குரோஸ், ராஸ் என்ற இருவர் எழுதிய புத்தகமும் பெரூஸ் ஃபொரூசான் எழுதிய புத்தகமும் பாடநூல்களாகக் கொடுக்கப்பட்டுள்ளன. பழைய நோட்ஸை அண்ணனிடமிருந்து வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பாடம் ஏறக்குறைய அதே பாடம்தான், வரிசை வேறு.

ஏழு அடுக்கு கொண்ட ஓஎஸ்ஐ மாதிரியை உலகத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 1984ல் வெளியிட்டது. ஆனால் இன்றைய இணையம் ஓடுவது டிசிபி/ஐபி முறையில். இதற்கு அடித்தளமான கட்டுரையை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974ல் வெளியிட்டார்கள். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று இந்த முறைக்கு மாறியது. "எதற்கு இரண்டையும் படிக்க வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். டிசிபி/ஐபி என்பது நாம் போகும் ரோடு. ஓஎஸ்ஐ என்பது அந்த ரோட்டைப் பற்றிப் பேசுவதற்கான வரைபடம்.

கட்டிங் டேபிளிலிருந்து தொடங்குவோம்

வெளிநாட்டு பையர் ஒருவர் டி-சர்ட் டிசைனின் டெக் பேக்கை 15 எம்பி ஃபைலாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃபைல் முழுதாக ஒரே துண்டாக வராது. ஈத்தர்நெட்டில் ஒரு துண்டுக்குள் வழக்கமாக 1500 பைட் வரைதான் வைக்க முடியும். எனவே அந்த ஃபைல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக வெட்டப்படுகிறது. துண்டு ஒன்றுக்கு 'பாக்கெட்' என்று பெயர்.

கட்டிங் முடிந்ததும் முன்பாகம், பின்பாகம், கை என்று ஒவ்வொரு பீஸிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவதை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒரே ரோல் துணியில் வெட்டிய பாகங்கள் ஒரே டி-சர்ட்டில் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அது. நம்பர் மாறினால் ஷேட் மாறிவிடும், பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடும். டிசிபி செய்வதும் இதேதான். ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் போடுகிறது. துண்டுகள் வெவ்வேறு வழியில், முன்னும் பின்னுமாக வந்தாலும், அந்த எண்ணை வைத்து மறுமுனையில் சரியாகக் கோர்த்துவிடுகிறது. ஒரு எண் வரவில்லை என்றால் அதை மட்டும் திரும்ப அனுப்ப வைக்கிறது.

அடுத்து பேக்கிங். டி-சர்ட்டை மடித்து பாலிபேக்கில் போடுகிறோம். பாலிபேக்குகளை அட்டைப் பெட்டியில் அடுக்குகிறோம். பெட்டியின் மேல் லேபிள் ஒட்டுகிறோம். பெட்டிகள் கன்டெய்னரில் ஏறி தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகின்றன. லாரி டிரைவருக்குப் பெட்டிக்குள் என்ன சைஸ் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. எந்தத் துறைமுகம் என்பது தெரிந்தால் போதும். நெட்வொர்க் அடுக்குகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. மேல் அடுக்கு கொடுப்பதை கீழ் அடுக்கு ஒரு உறைக்குள் போட்டு, தன் லேபிளை ஒட்டி, இன்னும் கீழே அனுப்புகிறது. மறுமுனையில் ஒவ்வொரு உறையாகப் பிரிக்கப்படுகிறது. புத்தகத்தில் 'என்கேப்சுலேஷன்' என்று படித்துக் குழம்புவது இந்த பேக்கிங் வேலையைத்தான்.

செக்கிங் பிரிவும் இதில் உண்டு. அனுப்புபவர் ஒவ்வொரு துண்டையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, அதன் விடையை துண்டின் ஓரத்தில் எழுதி அனுப்புகிறார். பெறுபவர் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறார். விடை மாறியிருந்தால் வழியில் துண்டு சேதமாகிவிட்டது என்று பொருள். அதைத் தள்ளிவிடுகிறார். லேபில் செய்யச் சொல்லும் 'சிஆர்சி' பயிற்சி இதுதான்.

அயர்னிங் டேபிளில் பீஸ் குவிந்துவிட்டால், "இன்னும் அனுப்பாதீங்க, இது முடியட்டும்" என்று முந்தைய பிரிவுக்குக் குரல் கொடுப்பார்கள். பெறும் கம்ப்யூட்டரும் தன்னால் எவ்வளவு வாங்க முடியும் என்று இதேபோல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் இரண்டு முனையும் சரியாக இருந்தும் நடுவில் வழி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? 1986 அக்டோபரில் அமெரிக்காவில் இது நடந்தது. கலிபோர்னியாவில் சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு இடையே, நொடிக்கு 32,000 பிட் ஓடிய வேகம் 40 பிட்டாக விழுந்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் கிடைக்காத துண்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை இன்னும் கூட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து, துண்டு தொலைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும் என்ற முறையை 1988ல் எழுதினார். பாடத்தில் வரும் 'கன்ஜெஷன் கன்ட்ரோல்' அங்கிருந்து வந்ததுதான். ஒரு விபத்துக்கு மருந்தாகக் கண்டுபிடித்தது என்று தெரிந்தால் அந்த வரைபடத்தை யாரும் மறக்க மாட்டார்கள்.

கேபிளுக்குள்ளும் ஒரு முறுக்கு உண்டு

நூலுக்கு முறுக்கு எவ்வளவு முக்கியம் என்று திருப்பூரில் சொல்லித் தரத் தேவையில்லை. நெட்வொர்க் கேபிளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எட்டு கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கும். மெஷின் மோட்டார், பவர் லைன் போன்றவற்றிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழட்டும் என்பதற்காகத்தான் இந்த முறுக்கு. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். முனையில் பின் அடிக்கும்போது முறுக்கை அதிக நீளத்துக்குப் பிரித்துவிட்டால் இந்தப் பலன் போய்விடும்.

இந்தக் கேபிளை ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரைதான் இழுக்கலாம். நீளமான ஷெட்டின் ஒரு முனையில் ஆபீஸ், மறுமுனையில் பேக்கிங் என்றால் நடுவில் ஸ்விட்ச் வைக்க வேண்டும், அல்லது கண்ணாடி இழையான ஃபைபர் போட வேண்டும். ஃபைபரில் ஓடுவது ஒளி என்பதால் மோட்டார் இரைச்சல் அதைத் தொடாது. இதெல்லாம் புத்தகத்தின் 'ஃபிசிக்கல் லேயர்' பகுதியில் இருக்கிறது. படிக்கும் பிள்ளை ஒருநாள் அத்தா வேலை செய்யும் கம்பெனிக்குப் போய், கேபிள் பவர் லைனோடு ஒட்டிப் போகிறதா என்று பார்த்தாலே அந்தப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

கணக்கும் கடினமில்லை. நெட் கம்பெனிகள் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. நம் ஃபைல் பைட் கணக்கு. ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் வரும். 500 எம்பி ஃபைலை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்ப 400 நொடி, அதாவது 6 நிமிடம் 40 நொடி ஆகும். "100 எம்பி நெட் போட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கும் முதலாளிக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அடுக்கு என்பது பழுது தேடும் வழி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இதுதான். ஏழு அடுக்கு என்பது பழுது எங்கே இருக்கிறது என்று தேடும் முறை. வேலைக்கு எடுப்பவர்கள் பார்ப்பதும் அந்தத் திறமையைத்தான்.

திங்கட்கிழமை காலை. சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்ய வேண்டும். "நெட் இல்ல" என்று ஆபீஸில் சத்தம். ஒன்றும் தெரியாதவர் மோடத்தை அணைத்துப் போடுவார். சரியானால் சரி, இல்லையென்றால் சர்வீஸ் ஆளுக்காக மதியம் வரை காத்திருப்பார். பாடத்தைப் புரிந்து படித்த பிள்ளை என்ன செய்யும்?

முதலில் கேபிள் சொருகிய இடத்தில் லைட் எரிகிறதா என்று பார்க்கும். எரியவில்லை என்றால் கேபிள், பின், அல்லது ஸ்விட்ச் போர்ட். இது முதல் அடுக்கு.

லைட் எரிந்தால், கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைத்திருக்கிறதா என்று 'ஐபிகான்ஃபிக்' கட்டளையில் பார்க்கும். முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க வேண்டிய ரூட்டரிடமிருந்து பதில் வரவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள்.

முகவரி சரியாக இருந்தால் ரூட்டரை 'பிங்' செய்யும். பதில் வந்தால் ஆபீஸுக்குள் பழுதில்லை. அடுத்து வெளியே 8.8.8.8 என்ற முகவரியை பிங் செய்யும். பதில் இல்லை என்றால் பழுது பெரும்பாலும் ஆபீஸுக்கு வெளியே போகும் இணைப்பில் இருக்கும்.

அதற்கும் பதில் வந்து, இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் 'என்எஸ்லுக்அப்' மூலம் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வேலை செய்கிறதா என்று பார்க்கும். போனில் பெயரை அழுத்தினால் நம்பருக்குப் போவது போன்றது டிஎன்எஸ். நம்பர் சரியாக இருந்தும் பெயர் அழிந்துவிட்டால் கால் போகாது.

ஐந்து நிமிடத்தில் பழுது இருக்கும் இடம் தெரிந்துவிடும். "நெட் இல்ல" என்று சொல்பவருக்கும் "ஸ்விட்சில் நான்காவது போர்ட் போய்விட்டது, கேபிளை ஐந்தாவதில் மாற்றிவிட்டேன்" என்று சொல்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பாடத்தின் மதிப்பு.

கம்பெனியின் நெட்வொர்க்கைப் பிரித்துக் கொடுப்பதும் அப்படித்தான். 256 முகவரிகள் கொண்ட ஒரு நெட்வொர்க்கை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 64 முகவரிகள். அதில் கருவிகளுக்குப் பயன்படுபவை 62. அக்கவுண்ட்ஸ் ஒன்றில், தையல் லைனில் இருக்கும் உற்பத்தித் திரைகள் ஒன்றில், சிசிடிவி கேமராக்கள் ஒன்றில், வந்து போகும் விருந்தினர்களின் போன்கள் ஒன்றில். பிறகு எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று ரூட்டரில் விதி வைக்க வேண்டும். தேர்வில் 'சப்நெட்டிங்' என்று பயமுறுத்தும் கணக்கு இது. விருந்தினர் போனிலிருந்து சம்பளக் கணக்கு வரை யாரும் நுழையாமல் காப்பதும் இதுதான்.

நம் ஊருக்கு இது ஏன் தேவை?

1978ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வணிகர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்ததிலிருந்து இந்த ஊரின் ஏற்றுமதிக் கதையைச் சொல்வார்கள். அன்றைக்குத் தகவல் போனது டெலக்ஸிலும் தபாலிலும். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் தொடங்கியது. இன்று ஆர்டர், டிசைன், லேப் ரிப்போர்ட், ஷிப்பிங் பில், பணம் எல்லாமே தரவாகத்தான் ஓடுகின்றன.

அந்தத் தரவு கடலுக்கடியில் போகும் கேபிள்கள் வழியாகவே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. சென்னையிலும் மும்பையிலும் அவை கரை ஏறுகின்றன. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கடல் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுவதும் இணையம் திணறியது. எங்கோ ஒரு கடலில் கேபிள் அறுந்தால் இங்கே ஒரு மெர்ச்சண்டைசரின் மெயில் நிற்கிறது. தரவு மாற்று வழியில் எப்படிப் போகிறது என்பதைத்தான் 'ரவுட்டிங்' என்ற அலகு சொல்கிறது.

சாயப்பட்டறை விஷயத்துக்கு வருவோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், அப்போது எத்தனை வீடுகளில் அடுப்பு தவித்தது என்பதையும் நம் குடும்பங்கள் மறந்திருக்காது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகளும் கழிவு அளவை இடைவிடாமல் ஆன்லைனில் தெரிவிக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2014ல் உத்தரவிட்டது. தண்ணீர்க் குழாயில் பொருத்திய கருவியிலிருந்து வாரியத்தின் கம்ப்யூட்டர் வரை தரவு அறுபடாமல் போக வேண்டும். அதுவும் நெட்வொர்க் வேலைதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொருள் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலை 18 அன்று அமலுக்கு வந்தது. பொருட்களுக்கு 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' என்ற தகவல் பதிவை அது கொண்டு வருகிறது. முன்னுரிமைப் பொருட்களில் ஆடைகளும் உண்டு. பொருளோடு அதன் விவரங்களும் போக வேண்டிய காலம் இது. அவை ஸ்பின்னிங், நிட்டிங், டையிங், தையல் என்று ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் சேர்ந்து வர வேண்டியிருக்கும். சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் இதைச் செய்து தரும் ஆட்கள் தேவைப்படுவார்கள்.

மோசடியைத் தடுப்பதும் இதில் அடங்கும். பையருடன் நடக்கும் மெயில் பேச்சைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்து, ஒரே ஒரு எழுத்து மாறிய மெயில் முகவரியிலிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதிப் பணத்தைத் திருப்பும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. டொமைன் பெயர் என்றால் என்ன, மெயில் எந்த சர்வரிலிருந்து வந்தது என்று படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஆபீஸில் இருந்தால் சந்தேகம் உடனே வரும். பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் கணக்கை மாற்றக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

எப்படிப் படிப்பது?

அண்ணா பல்கலைக்கழக லேப் பயிற்சிகளில் டிசிபிடம்ப், நெட்ஸ்டாட், என்எஸ்லுக்அப், ட்ரேஸ்ரூட் போன்ற கட்டளைகள் வருகின்றன. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் சாட் புரோகிராம் எழுதுவதும் வருகிறது. இவற்றை ரெக்கார்டு நோட்டுக்காகப் பார்த்து எழுதாமல், சொந்தக் கையால் இயக்கிப் பார்க்க வேண்டும்.

'வயர்ஷார்க்' என்ற இலவச மென்பொருள் கேபிளில் ஓடும் துண்டுகளைக் கண் முன்னே காட்டும். தன் வீட்டு இணைப்பிலோ லேபிலோ மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும். பிறருடைய நெட்வொர்க்கில் அனுமதியின்றி ஒட்டுப் பார்ப்பது சட்டப்படியும் தவறு, நம்பிக்கைத் துரோகமும் கூட. சிஸ்கோவின் 'பாக்கெட் ட்ரேசர்' மென்பொருளில் ரூட்டர், ஸ்விட்ச் எதையும் வாங்காமலேயே முழு ஆபீஸ் நெட்வொர்க்கை அமைத்துப் பழகலாம். அதுவும் இலவசம்தான்.

காயலான் கடைக்குப் போக இருக்கும் பழைய ரூட்டர், நூறு ரூபாய்க்குள் வாங்கக்கூடிய கேபிள் துண்டு, பின்கள், வீட்டில் ஒரு மூலை. பயிற்சிக்கு இவை போதும். வகுப்பில் ஆங்கிலம் வேகமாகப் போய் புரியாமல் போனால், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் தளத்தில் ஐஐடி கரக்பூர் பேராசிரியர்களின் 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் அண்ட் இன்டர்நெட் புரோட்டோகால்' பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை கேட்கலாம். புரிந்ததைத் தமிழில் அம்மாவிடம் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் புரிந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.

செலவுக்கு என்ன வழி?

வட்டியோடு கூடிய கல்விக் கடனைத் தவிர்க்க நினைக்கும் குடும்பங்கள் நம்மில் பல. அவர்கள் "பணம் இல்லை, அதனால் படிப்பு இல்லை" என்ற முடிவுக்கு வருமுன் இவற்றைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு உண்டு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி முஸ்லிம், ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா ஆகிய பிரிவுகள் இதில் வருகின்றன. சாதிச் சான்றிதழில் பிரிவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கவுன்சலிங் நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் இடம் கைநழுவும்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல் வந்தது. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் யாரும் இதுவரை பட்டம் பெறவில்லை என்றால், கவுன்சலிங் மூலம் சேரும் பிள்ளைக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் இது பெரிய உதவி. பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பூரில் நம் பெண்கள் செக்கிங்கிலும் கைமடியிலும் பல ஆண்டுகளாக உழைக்கிறார்கள். அவர்களின் மகள் கம்ப்யூட்டர் படித்தால், "நெட்வொர்க் வேலை ஏணியில் ஏறி கேபிள் இழுப்பது, அது ஆம்பளைப் பசங்களுக்கு" என்று ஒதுக்கிவிடுகிறோம். கேபிள் இழுப்பது இதில் ஒரு சிறு பகுதி. நெட்வொர்க்கைக் கண்காணிப்பது, பாதுகாப்பு விதிகளை அமைப்பது, தரவைச் சரிபார்ப்பது எல்லாம் திரையின் முன் உட்கார்ந்து செய்யும் வேலைகள். மகளுக்கு இந்தக் கதவை நாமே மூடிவிட வேண்டாம்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள்

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் படிப்பை முடித்தவுடன் கை நிறையச் சம்பளம் என்று யாரும் உறுதி தர முடியாது. முதல் வேலையில் கிடைக்கும் மாதச் சம்பளம் அனுபவமுள்ள டெய்லர் வாங்குவதை விடக் குறைவாகவும் இருக்கலாம். இரவு ஷிப்டும் வரலாம். பிறகு ஏன் படிக்க வேண்டும்?

2011ல் சாயப்பட்டறைகள் மூடியபோது ஊரே நின்றது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது மீண்டும் ஆர்டர்கள் தடுமாறின. ஆர்டர் நின்றால் ஓவர்லாக் மெஷின் நிற்கும். ஆனால் நெட்வொர்க் தெரிந்தவரின் வேலை பனியன் கம்பெனியை மட்டும் நம்பியதல்ல. ஆஸ்பத்திரிக்கும், வங்கிக்கும், பள்ளிக்கும், துறைமுகத்துக்கும், வளைகுடாவில் ஒரு அலுவலகத்துக்கும் அதே பிங், அதே சப்நெட், அதே அடுக்குதான். வீட்டில் ஒரு பிள்ளையாவது அப்படி ஒரு திறமையோடு இருப்பது அந்தக் குடும்பத்துக்கே ஒரு பலம்.

ஆகவே அடுத்த சனிக்கிழமை மாலை பிள்ளை கல்லூரிப் பையோடு வீட்டுக்கு வரும்போது, "இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேட்பதற்குப் பதில், "நம்ம வீட்டு நெட் எப்படி வேலை செய்யுது, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் படிப்பு சரியாகப் போகிறது. தெரியவில்லை என்றால் திட்ட வேண்டாம், அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள். அரியர் விழுந்தாலும் எழுதித் தேற இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. பாதியில் நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்பிவிட்ட பிள்ளையைத் திரும்பக் கல்லூரிக்கு அனுப்புவதுதான் கடினம்.

உங்கள் மஹல்லாவில் இந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவர் இருந்தால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்து கேபிளுக்குப் பின் அடிக்கவும், பிங் செய்யவும் சொல்லித் தரச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை. இன்ஷா அல்லாஹ், அதில் ஒரு பிள்ளை நாளை இந்த ஊரின் நெட்வொர்க் ஒன்றைத் தாங்கி நிற்கும்.